ரெசிடென்சியை மூடியபோது காகிதங்கள் எங்கே போயின?

கேள்வி: என் பாட்டாவின் அப்பா திருவனந்தபுரம் ரெசிடென்சியில் (திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டின் அலுவலகம்) குமாஸ்தாவாக இருந்தார். 1947இல் அலுவலகத்தை மூடியதும் ஊருக்குத் திரும்பிவிட்டார். 1931 தேதியிட்ட நியமன உத்தரவு ஒன்றுதான் டிரங்குப் பெட்டியில் மிஞ்சியிருக்கிறது. அவருடைய பணிப் பதிவேடும் பென்ஷன் காகிதமும் எங்கே கிடைக்கும்? தைக்காட்டில் அவர் குடியிருந்த வீட்டின்மீது எங்களுக்குப் பாத்தியதை உண்டா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: வீட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பாத்தியதை இல்லை. வேலைக்காகக் கொடுத்த குடியிருப்பில் ஒருவர் எத்தனை வருடம் இருந்தாலும், அது அனுமதியின்பேரில் இருந்ததுதான். அனுபவ பாத்தியதை ஆகாது. அரசு நிலத்தில் எதிரனுபவம் (பிறர் சொத்தை அனுமதியின்றி நெடுங்காலம் அனுபவித்து உரிமை கேட்பது) பேசுவதற்கே இன்றைய காலவரையறைச் சட்டப்படி 30 ஆண்டு வேண்டும். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 60 ஆண்டு. உங்கள் முன்னோரோ 1947லேயே வீட்டைக் காலிசெய்துவிட்டார். வக்கீலுக்குச் செலவழிக்க வேண்டாம். அந்த ரெசிடென்சி மாளிகை இன்று தைக்காடு அரசு விருந்தினர் மாளிகை. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

காகிதங்களுக்கு வருவோம். இப்படித் தேடுபவர்கள் பெரும்பாலும் 'திருவனந்தபுரம் ரெசிடென்சி' என்ற பெயரிலேயே தேடி, ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறார்கள். மூடிய அலுவலகத்தின் பெயரில் எதுவும் நிற்காது. அதன் கட்டடம் ஒருவரிடம் போகும், ஆட்கள் இன்னொருவரிடம், கணக்கு வேறொருவரிடம், காகிதம் நாலு திசைக்கும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் வாரிசு யார் என்று கேட்டு, அந்த வாரிசின் பெயரில் தேட வேண்டும்.

இன்று ஒரு நாடு தன் தூதரகத்தையோ துணைத் தூதரகத்தையோ மூடினால் வியன்னா உடன்படிக்கைகள் வழிகாட்டுகின்றன. கட்டடத்தையும் ஆவணங்களையும் எப்படிக் காப்பது, யார் பொறுப்பில் விடுவது என்றெல்லாம் துணைத் தூதரகங்களுக்கான 1963 உடன்படிக்கையின் 27ஆம் பிரிவில் இருக்கிறது. 1947இல் அப்படி எதுவும் கிடையாது. இந்திய சுதந்திரச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஆகஸ்ட் 15 முதல் சமஸ்தானங்கள்மீது பிரிட்டிஷ் மன்னருக்கு இருந்த மேலாதிக்கம் காலாவதி என்றது. சுங்கம், போக்குவரத்து, தபால் தந்தி போன்றவற்றுக்கான ஒப்பந்தங்கள் மட்டும், யாராவது முறிக்கும்வரை தொடரும் என்று ஒரு வரி சேர்த்தது. மற்றதெல்லாம் அந்தச் சில வாரங்களில் ஆளாளுக்குப் பேசித் தீர்த்துக்கொண்டது. திருவிதாங்கூரில் அதுவும் எளிதாக இல்லை. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஜூனில் தனிநாடு என்று அறிவித்தார், ஜூலை 25 அன்று வெட்டுப்பட்டார், அதற்குப் பிறகே சமஸ்தானம் இந்தியாவோடு இணைய ஒப்பியது. அடுத்த மாதம் கட்டடத்துக்கு வாடகை யாருக்குக் கட்டுவது என்றே தெரியாத நிலையில்தான் உங்கள் பூட்டனார் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்திருப்பார்.

இனி உங்கள் கையிலுள்ள உத்தரவு. அதன் தலைப்பில் 'மெட்ராஸ் ஸ்டேட்ஸ் ஏஜென்சி' என்று இருக்கிறதா பாருங்கள். 1923 வரை திருவிதாங்கூர், கொச்சி ரெசிடெண்ட் சென்னை அரசாங்கத்துக்குக் கீழே இருந்தார். (புதுக்கோட்டைக்குத் தனி ஆள்கூட இல்லை, திருச்சி கலெக்டரே அரசியல் ஏஜெண்ட்.) 1923இல் இவையெல்லாம் இந்திய அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாறின. ரெசிடெண்டுக்கு 'கவர்னர் ஜெனரலின் ஏஜெண்ட்' என்று பெயர் வந்தது. பின்னாளில் மறுபடி ரெசிடெண்ட் ஆனார். ஊர்ச்சனம் எப்போதும் ரெசிடென்சி என்றே சொன்னது. ஆக, 1923க்கு முந்தைய கடிதப் போக்குவரத்துக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பிந்தையதற்குத் தில்லி ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம். உங்களுடையது 1931 என்பதால் எழும்பூரில் நாட்களைச் செலவழிக்காதீர்கள்.

தில்லிக்கு ரயில் ஏறுமுன், தேசியக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் துழாவுங்கள். ஆள் பெயரை விட்டுவிட்டு, ஏஜென்சியின் பெயரோடு எஸ்டாபிளிஷ்மெண்ட், பென்ஷன், கிராஜுவிட்டி போன்ற சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். 1947 ஜூலைக்குப் பிறகான கோப்புகள் 'ஸ்டேட்ஸ்' துறையின் கீழ் வரும். வல்லபபாய் படேல் பொறுப்பில், வி.பி. மேனன் செயலராகத் தொடங்கிய அந்தத் துறை 1955இல் உள்துறையோடு கலந்துவிட்டது. அலுவலகம் மூடியபின் நடந்த பாக்கித் தீர்வுகள் அங்கேதான் அகப்படும்.

பென்ஷன் கோப்பில் என்ன தேடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பணியிடமே ஒழிந்துபோனால் தருவது 'காம்பென்சேஷன் பென்ஷன்'. அன்றைய விதிகளில் தகுதியுள்ள பணிக்காலம் பத்து ஆண்டுக்குக் குறைந்தால் மொத்தமாக ஒரு பணிக்கொடைதான். அதற்குமேல் என்றால் பென்ஷன். 1931இலிருந்து எண்ணினால் உங்கள் முன்னோருக்குப் பென்ஷன் வந்திருக்க வேண்டும். வேறிடத்தில் தகுந்த வேலை கொடுத்து அவர் மறுத்திருந்தால் இல்லை. 'ஊருக்குத் திரும்பிவிட்டார்' என்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், மாதாமாதம் கருவூலத்துக்குப் போய்வந்தாரா என்று கேட்டுப்பாருங்கள். நாகர்கோவில் 1956 நவம்பர் 1 வரை சென்னையோடு சேரவில்லை என்பதையும் மனதில் வையுங்கள், கருவூலம் மாறியிருக்கக்கூடும். பழைய நிலுவை ஏதாவது வருமா என்று எண்ணாதீர்கள். குடும்ப ஓய்வூதியம் கொள்ளுப்பேரன்வரை இறங்காது.

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்பது: 'வெள்ளைக்காரன் எல்லாத்தையும் எரிச்சுட்டானாமே?' எரித்தது உண்மை. வைஸ்ராயின் அரசியல் ஆலோசகர் சர் கான்ராட் கார்ஃபீல்டின் ஏற்பாட்டில் சமஸ்தானக் காகிதங்கள் கொளுத்தப்பட்டதை ஜூனில் நேரு மவுண்ட்பேட்டன் முன்னிலையிலேயே கண்டித்தார். ஆனால் எரித்தவை பெரும்பாலும் மகாராஜாக்களின் அந்தரங்கம். குமாஸ்தாவின் லீவு விண்ணப்பத்தைக் கொளுத்த யாரும் தீப்பெட்டி தேடியிருக்க மாட்டார்கள். அத்தகைய காகிதங்களுக்கு எமன் வழக்கமான களையெடுப்பு: இத்தனை ஆண்டு வைத்திரு, பிறகு கழித்துவிடு என்ற விதி. பணிப் பதிவேடு அதில் போயிருக்க வாய்ப்பு அதிகம். லண்டனுக்குப் போன ஒரு பகுதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்குள் இருக்கிறது. அங்கும் அரசியல் கடிதங்களே மிகுதி. தில்லியில் கைகூடாவிட்டால் மட்டும் அங்கே எழுதிக் கேளுங்கள்.

உங்கள் உத்தரவின் மேல்மூலையில் ஒரு எண்ணும் ஆண்டும் இருக்கும். அதுதான் கோப்பின் முகவரி, பெயரைவிட அதையே காப்பக ஊழியர் முதலில் கேட்பார். தெளிவாகப் படமெடுத்து இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். அசலைப் பெட்டியிலேயே விட்டுவையுங்கள், பிளாஸ்டிக் உறை போடாமல்.