வாசகர் கேள்வி - பதில்: பள்ளிக்கூடத்தில் இனிப்பு விற்கலாமா?

போன இதழில் "இடைவேளையில் உங்கள் பிள்ளை என்ன சாப்பிடுகிறது?" என்று ஒரு வரி கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இனிப்பைப் பற்றியே இருந்ததால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் மகன் படிக்கும் பள்ளி கேன்டீனில் சாக்லேட், கேக், குளிர்பானம் எல்லாம் விற்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் இதை நிறுத்தச் சொன்னேன். "பிள்ளைகள் சாப்பிடாமல் யார் சாப்பிடுவது, நாமும் சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்" என்று பலர் என்மீது பாய்ந்துவிட்டார்கள். நான் கேட்டது தப்பா?
- மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா

பதில்: தப்பே இல்லை. உங்களை எதிர்த்துப் பேசியவர்களுக்கும் பிள்ளைகள்மேல் அக்கறை குறைவு என்று நான் நினைக்கவில்லை. நாமும் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம், உண்மைதான். ஆனால் எப்போது சாப்பிட்டோம் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். யாரோ வாங்கி வந்த நாளில், வீட்டில் ஏதோ விசேஷம் என்ற நாளில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது சாப்பிட்டோம். வாரத்தில் ஐந்து நாள், மணி அடித்ததும் ஓடிப்போய்க் காசு நீட்டி வாங்குகிற பொருளாக அது இருக்கவில்லை. எனக்கு இருக்கும் ஆட்சேபணை இனிப்பின்மேல் இல்லை, அது தினசரி வியாபாரமாகப் பள்ளிக்குள் உட்கார்ந்திருப்பதன்மேல்தான்.

பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன, அந்த அமிலம்தான் பல்லின் மேல்பூச்சைக் கரைக்கிறது. எச்சில் அதைச் சரிசெய்ய ஏறக்குறைய அரை மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலே ஆகும். ஒரே தடவையில் சாப்பிட்டு முடித்தால் பல்லுக்கு ஒரு தடவைதான் அடி. அதே அளவைக் காலை இடைவேளையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பிரித்து மென்றால் மூன்று தடவை, அதுவும் பல்லில் ஒட்டிக்கொள்ளும் மிட்டாய் என்றால் இன்னும் மோசம். எவ்வளவு என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். பள்ளிக்கூடத்தில் விற்கும்போது ஏறுவது அந்தத் தடவைதான். பள்ளியில் யாரும் இடைவேளைக்கு இடைவேளை வாய் கொப்பளிக்கச் சொல்வதும் கிடையாது.

கணக்கும் போட்டுவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது இது: சேர்க்கப்படும் சர்க்கரை, அதோடு தேன், பழச்சாறு இவற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து, ஒரு நாளின் மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 1500 கலோரி தேவைப்படும் சிறு பிள்ளைக்கு 10 சதவீதம் என்பது 150 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி என்று வகுத்தால் 37.5 கிராம் வரும். 330 மில்லி கோலா கேன் ஒன்றில் மட்டும் சுமார் 35 கிராம் இருக்கிறது. இடைவேளையில் அதைக் குடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அன்றைய பங்கு ஏறக்குறைய பள்ளியிலேயே தீர்ந்துபோச்சு. சாயங்காலம் வீட்டில் நீங்கள் ஆசையாகச் செய்து வைத்திருப்பது எல்லாம் அதற்கு மேலே.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. காலையில் வகுப்பில் சத்துணவுப் பாடம் நடக்கிறது. அரை மணி நேரம் கழித்து அதே கட்டடத்தில் அதற்கு நேர் எதிரானதை விற்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை இதில் எதை நம்பும்? பள்ளி கொடுத்தால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற வயசு அது. அப்புறம், காசு கொண்டுவராத பிள்ளை ஒன்று ஓரமாக நின்று மற்றவர்கள் பிரித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பல வருடம் வகுப்பில் நின்றவள் நான், அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் "எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். இங்கிலாந்தின் 2015 பள்ளி உணவு விதிகளை எடுத்துச் சொல்லுங்கள். மிட்டாயும் சாக்லேட்டும் அங்கே கிடையாது, ஆனால் கேக், பிஸ்கட் போன்றவை மதிய உணவோடு வரலாம், இடைவேளைத் தீனியாக வரக்கூடாது. வெறுமனே தடுப்பதைவிட யோசித்து வைத்த விதி இது, பல்லைப் பற்றி மேலே சொன்னதோடும் ஒத்துப்போகிறது. பிரான்ஸ் 2005-லேயே பள்ளிகளிலிருந்து தின்பண்ட இயந்திரங்களை எடுத்துவிட்டது. சிலியில் 2016 முதல் 'சர்க்கரை அதிகம்' என்ற கறுப்பு முத்திரை விழுந்த எதையும் பள்ளிக்குள் விற்க முடியாது, மெக்சிகோவும் 2025 மார்ச்சில் அந்த வழிக்கு வந்துவிட்டது. நீங்கள் ஒன்றும் உலகத்தில் இல்லாததைக் கேட்டுவிடவில்லை.

கேன்டீன் வருமானம் போய்விடும் என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது, அதை ஒதுக்கிப் பேசினால் எதுவும் நடக்காது. முதலில் குளிர்பானத்தை மட்டும் நிறுத்தி, அந்த இடத்தில் பழம், வறுத்த கடலை, மோர் என்று வைத்து ஒரு பருவம் பார்க்கலாம் என்று கேளுங்கள்.

கேள்வி: சாக்லேட்டுக்குப் பதில் பாக்கெட் ஜூஸ், தேன் கலந்த பிஸ்கட் கொடுத்தனுப்புகிறேன். இது பரவாயில்லைதானே?
- இரண்டு பிள்ளைகளின் அப்பா

பதில்: மன்னிக்கவும், பெரிய வித்தியாசம் இல்லை. பழமாகக் கடித்துத் தின்னும்போது நார்ச்சத்தும் சேர்ந்து போகிறது, மெல்ல நேரமும் ஆகிறது. சாறாகப் பிழிந்துவிட்டால் அதில் உள்ள சர்க்கரையும் மேலே சொன்ன கணக்கில்தான் வரும், தேனும் அப்படியே. பழத்தைப் பழமாகக் கொடுத்தனுப்புங்கள், குடிக்கத் தண்ணீர் போதும்.

கேள்வி: நான் ஆசிரியை. சரியாகப் பதில் சொல்லும் பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கொடுப்பேன். வகுப்பே கலகலப்பாகிவிடும். என் சொந்தக் காசில்தான் வாங்குகிறேன். இதையும் விடச் சொல்வீர்களா?
- பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: சொல்வேன், டீச்சர். சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நானும் என் முதல் சில வருடங்களில் அதையே செய்தேன். பிள்ளைகள் சந்தோஷப்படும்போது அது பாடத்தால் வந்த சந்தோஷம் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் டப்பா காலி. கேள்வி கேட்டேன், தெரிந்த பிள்ளைகள்கூடக் கை தூக்கவில்லை. "இன்னைக்கு மிட்டாய் இல்லையா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். அன்றோடு விட்டேன்.

உணவைப் பரிசாகக் கொடுத்தால் அந்த உணவின்மேல் பிள்ளைகளுக்கு விருப்பம் கூடுகிறது என்று 1980-களிலேயே ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். அதாவது நீங்கள் பாடத்தை இனிக்கச் செய்யவில்லை, மிட்டாயின் மதிப்பைத்தான் ஏற்றிவிட்டீர்கள். "இதைச் சாப்பிட்டால்தான் அது" என்று வீட்டில் காய்கறிக்கு இனிப்பை லஞ்சமாகக் கொடுப்பதும் இதே கதைதான், காய் தண்டனையாகவும் இனிப்பு விடுதலையாகவும் ஆகிவிடும்.

உங்கள் கையில் மிட்டாயைவிடப் பிள்ளைகள் விரும்புவது நிறைய இருக்கிறது. கரும்பலகையில் எழுத விடுவது, கதைப் புத்தகத்தை முதலில் எடுக்க விடுவது, ஐந்து நிமிடம் முன்னதாக விளையாடப் போக விடுவது. எல்லாவற்றையும்விட, அந்தப் பிள்ளை என்ன யோசித்து அந்த விடைக்கு வந்தது என்று வகுப்புக்கு முன்னால் நீங்கள் விவரமாகச் சொல்வது. அதைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் நான் இனிப்பே வைப்பதில்லை. ஆனால் என் பத்து வயது மகன் பள்ளியில் தன் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு மற்ற பிள்ளைகளிடம் சாக்லேட் வாங்கித் தின்கிறான் என்று தெரிந்தது. மனசே விட்டுப்போச்சு. இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமோ?
- ஓர் அம்மா

பதில்: இல்லைம்மா. கொஞ்சம் தளர்த்துங்கள்.

1999-இல் வெளியான ஓர் ஆய்வில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு தின்பண்டத்தைக் கண் முன்னால் ஜாடியில் வைத்து, கொஞ்ச நேரம் மட்டும் எடுக்க விட்டு, மற்ற நேரம் தடுத்தார்கள். அதே போன்ற இன்னொன்றை இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள விட்டார்கள். தடுத்து வைத்ததைப் பற்றித்தான் பிள்ளைகள் அதிகம் பேசினார்கள், அதைத்தான் அதிகம் கேட்டார்கள். உங்கள் மகனுக்கும் நடந்தது அதுதான். அவன் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை, ஆசை தாங்கவில்லை, அவ்வளவுதான்.

பள்ளியில் விற்காதே என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு வீட்டில் கொடு என்கிறேனே என்று தோன்றலாம். இரண்டும் ஒன்றில்லை. வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒன்றைப் பகிர்ந்து சாப்பிட்டால் அதற்கு ஒரு நேரமும் அளவும் வந்துவிடுகிறது. வாரத்தில் எந்த நாள் என்பதை அவனையே சொல்லச் சொல்லுங்கள், அவன் சொன்ன நாளில் பேச்சு மாறாமல் கொடுங்கள். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக் கொடுத்தது பற்றி மட்டும் தனியாக, கோபமில்லாமல், ஒரு தடவை பேசுங்கள். பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தான் என்பதுதான் அதில் எனக்குக் கவலை.

கேள்வி: இனிப்பு சாப்பிட்டால் பிள்ளைகள் அடங்காமல் ஆட்டம் போடும், அதனால்தான் பள்ளியில் கூடாது என்கிறார்களே, உண்மையா?
- ஒரு தாத்தா

பதில்: நான் பள்ளியில் இனிப்பு வேண்டாம் என்கிற கட்சிதான், ஆனாலும் இந்தக் காரணத்தை நான் சொல்ல மாட்டேன், ஐயா. சர்க்கரை கொடுக்கப்பட்டதா இல்லையா என்று பிள்ளைகளுக்கும் சோதிப்பவர்களுக்கும் தெரியாத வகையில் நடந்த பல சோதனைகளை ஒன்றாகத் தொகுத்து 1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தை மாறுவதாக அதில் தெரியவில்லை. அதற்கு முந்தைய வருடம் நடந்த இன்னொன்று சுவாரஸ்யமானது: பிள்ளைகள் யாருக்கும் சர்க்கரை கொடுக்காமலே, சில அம்மாக்களிடம் மட்டும் "நிறையக் கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். அந்த அம்மாக்களுக்குத்தான் தங்கள் பிள்ளை அதிகம் துள்ளுவதாகப் பட்டது. இனிப்பு கிடைக்கிற இடம் பெரும்பாலும் கூட்டம், கொண்டாட்டம், விளையாட்டு. துள்ளுவதற்கு அதுவே போதாதா? தவறான காரணத்தைச் சொன்னால், அது தப்பு என்று தெரிகிற அன்றைக்குச் சரியான காரணத்தையும் சேர்த்துத் தூக்கிப்போட்டுவிடுவார்கள்.

கேள்வி: என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். பள்ளியில் "இனிப்பு கொண்டுவரக் கூடாது" என்று விதி போட்டதும் அவள் பையிலிருந்த குளுக்கோஸ் மாத்திரையையும் வாங்கி மேசையில் பூட்டி வைத்துவிட்டார்கள். என்ன செய்வது?
- கலங்கிப் போயிருக்கும் அப்பா

பதில்: உடனே போங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். அவளுக்கு அது தின்பண்டமே இல்லை, மருந்து. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும், கவனிக்காமல் விட்டால் மயக்கமும் வலிப்பும் வரலாம். அந்த நிமிடத்தில் வேகமாக ஏறும் சர்க்கரை வேண்டும். பொதுவாகச் சுமார் 15 கிராம், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். உங்கள் மகளுக்குச் சரியான அளவை அவள் மருத்துவரிடம் எழுதி வாங்கி, வகுப்பாசிரியர், விளையாட்டு ஆசிரியர், அலுவலகம் மூவரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். சாக்லேட் இதற்கு உதவாது என்பதையும் சொல்லிவையுங்கள், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

மாத்திரை அவள் கைக்கு எட்டும் இடத்தில், பூட்டில்லாமல் இருக்க வேண்டும். விதி எழுதும் பள்ளிகள் எல்லாமே இந்த ஒரு விலக்கை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் திடீரென்று ஒரு திங்கட்கிழமை எல்லா ஸ்நாக்ஸையும் எடுத்துவிட்டார்கள். எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை. இப்போது எல்லோரும் பையில் ஒளித்துக் கொண்டுவருகிறோம். பெரியவர்கள் அலுவலகத்தில் மட்டும் கேக் வெட்டிச் சாப்பிடுகிறார்கள். இது நியாயமா?
- எட்டாம் வகுப்பு மாணவி

பதில்: நியாயமில்லை, கண்ணு. விதி சரியானது, அதைக் கொண்டுவந்த விதம் சரியில்லை. உங்களுக்காகப் போட்ட விதியை உங்களோடு பேசித்தான் போட்டிருக்க வேண்டும், பெரியவர்களும் பள்ளி வளாகத்துக்குள் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

ஒளித்துக் கொண்டுவருவதை விட்டுவிட்டு ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்து, முன்பு விற்ற பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கிராம் சர்க்கரை என்று எழுதுங்கள். நாலு கிராம் ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். 100 கிராமுக்குப் போட்டிருக்கிறார்களா, முழுப் பாக்கெட்டுக்கா என்று கவனமாகப் பாருங்கள், அங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். அப்புறம் இடைவேளைக்கு என்ன வேண்டும் என்று நீங்களே ஒரு பட்டியல் போடுங்கள், வயிறு நிறைய வேண்டும், ருசியாகவும் இருக்க வேண்டும் என்று தைரியமாக எழுதுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் நேரம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது, அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.