டீச்சர்களின் மனச்சுமை: பயானுக்கு முன் டைம்டேபிளைப் பாருங்கள்

கேள்வி: மேலப்பாளையத்தில் அறக்கட்டளை நடத்தும் இஸ்லாமிய மெட்ரிக் பள்ளியில் பிரின்சிபாலாக இருக்கிறேன். அரையாண்டுக்குள் இரண்டு டீச்சர்கள் நின்றுவிட்டார்கள். இன்னொருவர் ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி அழுகிறார். மனநலம் பற்றி ஒரு பயான் (மார்க்கச் சொற்பொழிவு) வைக்கலாம் என்கிறது நிர்வாகம். போதுமா?

பதில்: பயான் வையுங்கள், தப்பில்லை. அதற்கு முன் டைம்டேபிளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இஸ்லாமியப் பள்ளிகளில் லுஹர் (நண்பகல் தொழுகை) நேரத்து வேலை யார் கணக்கிலும் வராது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யுமிடத்தில் தண்ணீரை வாரி இறைக்காமல் பார்த்து, தொழவைத்து, தானும் தொழுது, டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அடுத்த மணி அடித்துவிடும். லீவு போட்டவருக்குப் பதிலாக அதே டீச்சரின் ஃப்ரீ பீரியடையும் பிடுங்கினால், பேப்பர் கட்டு வீட்டுக்குத்தான் போகும். தொழுகைப் பொறுப்பை முறைவைத்து மாற்றுங்கள். அதையும் ஒரு பீரியடாகவே எண்ணுங்கள். வாரத்தில் இரண்டு ஃப்ரீ பீரியடிலாவது யாரும் கை வைக்கக் கூடாது. ரமலானில் ஸஹருக்கு எழுந்து சமைத்துவிட்டு வருகிறவர்கள் தலையில் தேர்வைக் கட்டாதீர்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். துபாயில் வாப்பா வேலை முடிந்து எட்டரை மணிக்கு மார்க் விசாரித்து வாய்ஸ் மெசேஜ் போடுவார்; இங்கே பத்து மணி. அவரையும் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கென்று ஒரு நம்பர் வைத்து, மாலை ஆறுக்கு மேல் வருவதற்கு மறுநாள்தான் பதில் என்று உங்கள் கையெழுத்தில் சுற்றறிக்கை விடுங்கள். டீச்சர் சொன்னால் திமிர் என்பார்கள்.

நின்றுபோன இருவரிடமும் காரணம் கேளுங்கள். சம்பளம் தள்ளிப்போவதுதான் என்றால், நிர்வாக மஷூராவில் (ஆலோசனைக் கூட்டத்தில்) எழுத்தாகவே வையுங்கள்.

அழுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அப்புறம் வாயே திறக்கமாட்டார். ஓயாமல் நோன்பு வைத்து இரவெல்லாம் தொழுத தோழரிடம், உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்றுதான் நபி (ஸல்) சொன்னார்கள். எது பாரமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுங்கள். தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல், வீட்டாரில் அவர் நம்பும் ஒருவரோடு அன்றே அனுப்புங்கள். லீவுக்கு 'உடல்நலமில்லை' என்ற கடிதம் போதும். காரணம் நிர்வாகக் கூட்டத்துக்குப் போக வேண்டியதில்லை.