போர்பனுக்குப் பிறகு குடித்த ஸ்டவுட் சப்பென்று இருந்தது ஏன்?

வரிசையை மாற்றுங்க: முதலில் போர்பன் பீப்பாயில் ஊறின ஸ்டவுட்ங்கிற கறுப்பு பீர், அப்புறம்தான் போர்பன்ங்கிற அமெரிக்க விஸ்கி. நீங்க சொன்ன 60 சதவீத ஆல்கஹால் உள்ள போர்பன் பட்ட நாக்கு மரத்துப்போயிருக்கும்; அதற்குப் பின்னால் 13 சதவீத ஸ்டவுட் வெறும் காபித் தண்ணிதான்.

ஸ்டவுட்டில் வெனிலா வாசனையே வரலைன்னு எழுதியிருக்கீங்க. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியிருப்பீங்க, அதுதான் காரணமா இருக்கும். அடுத்த பாட்டிலை அரை மணி நேரம் வெளியே வச்சு, வாய் குறுகின கிளாஸில் கொஞ்சமா ஊற்றி, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மோந்து பாருங்க. முதலில் கருக வறுத்த வாசம் மட்டும் வரும். குளிர் விடவிட தேங்காய், வெனிலா எல்லாம் மேலே வரும். அது பீப்பாய் கொடுத்த சொத்து. அமெரிக்கச் சட்டப்படி போர்பனுக்கு உட்புறம் கருக்கின புது ஓக் பீப்பாய்தான் வேணும். ஒருதரம் பயன்படுத்தினதை பீர்க்காரங்க வாங்கி, அதில் ஸ்டவுட்டை ஊற வைக்கிறாங்க.

போர்பனில் நாலு சொட்டு தண்ணி விடுங்க, எரிச்சல் அடங்கும். ஐஸ் வேண்டாம், வாசனையை அமுக்கிடும்.

ஒண்ணு மட்டும்: குளிர் விட்ட பிறகும் ஸ்டவுட் புளிச்சு, திறக்கும்போதே நுரை பொங்கி வழிஞ்சா, பாட்டிலில் பாக்டீரியா புகுந்திருக்கலாம். அதுக்கு வரிசை மாத்தி புண்ணியமில்லை.