ஹைபிரிட் காரில் மேனுவல் கியர் சாத்தியமா?

கேள்வி: என் ஹைபிரிட் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை எடுத்துவிட்டு, கிளட்ச்சுடன் கூடிய மேனுவல் கியர்பாக்ஸைப் பொருத்த முடியுமா?

பதில்: அது உங்கள் கார் எந்த வகை என்பதைப் பொறுத்தது. டொயோட்டா ப்ரியஸ் போன்ற கார்களில் வழக்கமான கியர்பாக்ஸே கிடையாது. இன்ஜினும் இரண்டு மின்மோட்டார்களும் ஒரே கோள்பற்சக்கர அமைப்பில் (நடுப்பற்சக்கரம் ஒன்றைச் சுற்றிச் சிறு பற்சக்கரங்கள் சுழலும் அமைப்பு) இணைந்திருக்கின்றன. இன்ஜினை உயிர்ப்பிப்பதும், வேக விகிதத்தை மாற்றுவதும், பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புவதும், காரைப் பின்னோக்கி நகர்த்துவதும் அந்த மோட்டார்களின் வேலைதான் என்பதால், இவை அடங்கிய பெட்டியைக் கழற்றினால் ஹைபிரிட் அமைப்பையே கழற்றியதாகிவிடும். தயவுசெய்து அதில் கைவைக்க வேண்டாம்.

1999இல் வந்த ஹோண்டா இன்சைட்டின் கதை வேறு. அதில் மெல்லிய மோட்டார் ஒன்று இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே அமர்ந்திருப்பதால், நிறுவனமே 5 கியர் மேனுவலையும் சி.வி.டி.யையும் (படிப்படியான கியர்கள் இன்றி வேக விகிதம் தொடர்ச்சியாக மாறும் ஆட்டோமேட்டிக் வகை) தனித்தனியாகத் தர முடிந்தது. அவ்வகைக் காரில் மாற்றம் சாத்தியமே. ஆனால் கியர்பாக்ஸோடு கிளட்ச், பெடல்கள், அச்சுத்தண்டுகள், கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவையும் அதே மாடலின் மேனுவல் காரிலிருந்து வர வேண்டும். அத்தனை உழைப்பைவிட, மேனுவலாகவே தயாரான காரைத் தேடி வாங்குவதே நல்லது என்பேன். 2010இல் வெளிவந்த ஹோண்டா சி.ஆர்.-இசட் 6 கியர் மேனுவலுடனேயே கிடைத்தது.