நீலக் கம்பி எங்கயும் படக்கூடாது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், அமெரிக்காவுல இருக்குற மாமா லீவுக்கு வந்தப்போ எனக்கு ஹெச்ஓ ஸ்கேல்ல (நிஜ சைஸ்ல 87-ல ஒரு பங்கு) மிக்காடோங்குற அமெரிக்க நீராவி இன்ஜினோட மாடல் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. முன்னாடி ஹெட்லைட் நல்லா எரியுது. டெண்டர் (இன்ஜினுக்குப் பின்னாடி நிலக்கரி, தண்ணி ஏத்திட்டு வர்ற வண்டி) பின்னாடி இருக்குறது மட்டும் டம்மி, சும்மா ஒரு பிளாஸ்டிக் பொட்டு. டிகோடர் (மோட்டாரையும் லைட்டையும் இயக்குற குட்டி சர்க்யூட்) போட்டு, தண்டவாளம் வழியா டிஜிட்டல் கட்டளை அனுப்புற டிசிசில தான் ஓட்டுறேன். அங்க நிஜமா எரியிற லைட் வைக்கணும். வெள்ளையா வைக்கிறதா சிவப்பா வைக்கிறதா? எல்ஈடிய நேரா மாட்டுனா பொசுங்கிடும்னு ஃப்ரெண்டு வேற பயமுறுத்துறான். (கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: உங்க ஃப்ரெண்டு சொல்றது சரி தான் தம்பி, நேரா மாட்டுனா ஒரு செகண்ட் பளிச்னு எரிஞ்சு போய்ச் சேர்ந்துடும். முதல்ல கலர் விஷயத்த முடிச்சுடலாம். வெள்ளை தான். அமெரிக்க டெண்டர் பின்னாடி மேல இருக்குறது பேக்கப் லைட், இன்ஜின் ரிவர்ஸ்ல போறப்போ டிரைவருக்கு லைன் தெரியறதுக்கு வச்சது. சிவப்பு மார்க்கர் லாம்ப் வேற, அது ரயிலோட கடைசியில இருக்கணும், இன்ஜின் தனியா போறப்போ மட்டும் தான் டெண்டருக்கு வரும். இருபது வேகன் இழுத்துட்டுப் போற இன்ஜினோட டெண்டர்ல சிவப்பு எரிஞ்சா விவரம் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க.

வெள்ளைனா ட்யூப் லைட் வெள்ளை இல்ல. அந்தக் காலத்துல இன்ஜின் மேலயே ஒரு குட்டி டர்போ ஜெனரேட்டர் இருக்கும், நீராவியில சுத்தி 32 வோல்ட் கொடுக்கும், அதுல எரிஞ்சது குண்டு பல்பு, மஞ்சளா தான் இருக்கும். அதனால 'வார்ம் வொயிட்'னு கேட்டு வாங்குங்க. கூல் வொயிட் ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா க்ளியர் ஆரஞ்சு பெயின்ட்ட ஒரு பொட்டு எல்ஈடி மூஞ்சியில தடவிடுங்க, இல்லேன்னா டெண்டர்ல செல்ஃபோன் டார்ச்ச ஒட்டி வச்ச மாதிரி தெரியும்.

இப்போ ஒயரிங். டிகோடர்ல இருந்து வர்ற கம்பில உங்களுக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு: நீலம், மஞ்சள். நீலம் பொதுவான ப்ளஸ், மஞ்சள் ரிவர்ஸ் லைட்டுக்கு. (வெள்ளை முன்பக்க ஹெட்லைட்டுக்கு, அது ஏற்கனவே வேலை செய்யுதுல்ல, அதத் தொடாதீங்க.) நீலம், அப்புறம் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அப்புறம் எல்ஈடியோட நீளமான கால். குட்டைக் கால் மஞ்சளுக்கு. கணக்கு ரொம்ப சிம்பிள்: டிகோடர்ல இருந்து ஏறக்குறைய 14 வோல்ட்னு வச்சுக்கோங்க, எல்ஈடி 3 எடுத்துக்கும், மிச்சம் 11, அத ஆயிரத்தால வகுத்தா 11 மில்லிஆம்ப். சாதாரண எல்ஈடிக்கு 20 தான் லிமிட், அதனால பத்திரமா இருக்கும். இன்னும் மங்கலா, நிஜமா தெரியணும்னா 2.2 கிலோ ஓம் போடுங்க, எனக்கு அது தான் பிடிக்கும். கடையில 1 கிலோ ஓம்னு கேட்டு கொடுத்தத அப்படியே நம்பாம பட்டையப் பாருங்க: பழுப்பு, கறுப்பு, சிவப்பு, தங்கம்.

எல்லாரும் மாட்டிக்கிறது இதுக்கப்புறம் தான். டெண்டருக்குள்ள ஒரு உலோக வெயிட் இருக்கும், சில மாடல்ல, முக்கியமா பழைய பித்தளை மாடல்ல, டெண்டரோட ஃபிரேமே ஒரு பக்க தண்டவாளத்தோட சேர்ந்து இருக்கும், அதாவது இன்ஜின் ஒரு தண்டவாளத்துல கரண்ட் எடுக்கும், டெண்டர் இன்னொண்ணுல எடுக்கும். அந்த உலோகத்துல நீலக் கம்பியோட உரிச்ச முனை பட்டா டிகோடர் அவுட். நான் முதல் தடவ பண்ணப்போ எல்லாம் பக்காவா சால்டர் பண்ணி, மூடிய மூடி திருகாணிய முடுக்குறப்போ கம்பி நசுங்கி வெயிட்ல முட்டிடுச்சு, ஒரு 'டிக்', அப்புறம் கருகுன வாசனை, அவ்ளோ தான், லைட் போட ஆசப்பட்டு இன்ஜினே நின்னு போச்சு. அதனால முதல்ல மல்டிமீட்டர பீப் மோடுல வச்சு வெயிட்டுக்கும் ஒவ்வொரு பக்க சக்கரத்துக்கும் நடுவுல தொட்டுப் பாருங்க, பீப் வந்தா அந்த உலோகத்துக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். ஜாயின்ட் ஒவ்வொண்ணுக்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டுனா சுருங்கி கம்பிய இறுக்கிப் பிடிக்கிறது) போடுங்க. கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம், நம்ம ஊர் வெயிலுக்குப் பசை வழிஞ்சு டேப் தன்னால கழண்டுக்கும்.

மூடுறதுக்கு முன்னாடி எல்ஈடிய மட்டும் தனியா 9 வோல்ட் பேட்டரியில அதே ரெசிஸ்டரோட வச்சு எரிய விட்டுப் பாருங்க. எல்லாம் முடிஞ்சதும் நேரா மெயின் லைன்ல வைக்காம ப்ரோகிராமிங் ட்ராக்ல (டிகோடர செட் பண்றதுக்குன்னு இருக்குற தனித் தண்டவாளம்) வச்சு டிகோடர் பதில் சொல்லுதான்னு பாருங்க. அங்க கரண்ட் ரொம்பக் கம்மி, தப்பு இருந்தாலும் டிகோடர் பெரும்பாலும் பொழச்சுக்கும்.

இன்னும் ஒண்ணு. பிளாஸ்டிக் டெண்டர்னா உள்பக்கம் எல்ஈடிய சுத்தி கறுப்பு பெயின்ட் ரெண்டு கோட் அடிங்க. இல்லேன்னா ராத்திரி ரூம் லைட்ட அணைச்சதும் பொட்டு மட்டும் எரியாது, நிலக்கரிக் குவியல் உட்பட மொத்த டெண்டரும் கார்த்திகை தீபம் மாதிரி ஒளிரும்.

கேள்வி: எங்கிட்ட டிசிசி எல்லாம் இல்லீங்க, பழைய டிசி கன்ட்ரோலர் தான். ரெசிஸ்டர் போட்டு எல்ஈடிய தண்டவாளக் கரண்டுலயே கொடுத்துட்டேன், ரிவர்ஸ்ல மட்டும் அழகா எரிஞ்சுச்சு, ஒரு மாசத்துல செத்துடுச்சு. வண்டி நின்னாலும் அணைஞ்சுடுது. ஏன்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி)

பதில்: சார், நீங்க பாதி சரியா பண்ணிட்டீங்க. எல்ஈடியே ஒரு டயோடு தான், அதனால ஒரு திசையில மட்டும் எரியுது, டிசில ரிவர்ஸ் லைட்டுக்கு அது வசதி. ஆனா வண்டி முன்னாடி போறப்போ அதே 12 வோல்ட் எல்ஈடிக்குத் தலைகீழா வந்து நிக்குதே. தலைகீழ்ல பெரும்பாலான எல்ஈடிக்கு 5 வோல்ட் தான் உத்தரவாதம். ஒரு மாசம் தாங்குனதே பெருசு. 1என்4148 டயோடு ஒண்ணு வாங்கி எல்ஈடிக்குக் குறுக்கால, திசைய மாத்தி சால்டர் பண்ணிடுங்க, தலைகீழ் கரண்ட் அது வழியா போயிடும். சென்னை ரிச்சி தெருவுல சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற ஐட்டம், திருச்சியிலயும் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் இருக்கும்.

நின்னா அணையறது உங்க தப்பு இல்ல. டிசில வேகம்னாலே வோல்டேஜ் தான், வண்டி நின்னா தண்டவாளத்துல ஒண்ணும் இல்ல, லைட் எங்க இருந்து எரியும்? கபாசிட்டர் வச்சு சில செகண்ட் இழுக்கலாம், ஆனா அந்த வேலைக்கும் தலைவலிக்கும் டிசிசிக்கு மாறிடலாம்னு தான் நான் சொல்லுவேன்.

கேள்வி: ஊட்டி ரயில் நீராவி இன்ஜின மாடலா செய்யிறேன். அதோட டெண்டர்ல லைட் எந்த இடத்துல வரும்? (வாசகி, கோவை)

பதில்: மேடம், எங்கயும் வராது, ஏன்னா அதுக்கு டெண்டரே கிடையாது! நீலகிரி எக்ஸ் கிளாஸ் டேங்க் இன்ஜின், தண்ணி இன்ஜின் மேலயே ரெண்டு பக்கத் தொட்டியில இருக்கும். இன்னொன்னும் கவனிச்சுக்கோங்க, மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறுறப்போ இன்ஜின் இழுக்குறது இல்ல, கீழ இருந்து பெட்டிகளத் தள்ளிட்டுப் போகும். அதனால மாடல்ல வண்டி மேல ஏறுற மாதிரி வைக்கிறீங்கன்னா இன்ஜின கடைசியில மாட்டுங்க.