கிழக்கு லண்டனில் பழைய வரிசை வீடு வாங்கப் போகிறேன். கழிவுநீர்க் குழாய்க்குக் கமரா பரிசோதனை உண்மையிலேயே தேவையா?

தேவை. அதுவும் சட்டத்தரணி ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று சொல்லும், ஒப்பந்தம் கைமாறி இரு பக்கமும் பின்வாங்க முடியாமல் போகும் நாளுக்கு முன்பே செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு குழாயில் எதைக் கண்டாலும் அது உங்கள் தலையில்தான்.

எந்த வீதி என்று நீங்கள் சொல்லவில்லை. 2022இல் எலிசபெத் லைன் ஓடத் தொடங்கியதிலிருந்து ஃபாரஸ்ட் கேட், மேனர் பார்க் பக்கம் ஒன்றைப் பிடித்துவிட வேண்டும் என்று அலைகிறவர்களில் நீங்களும் ஒருவர் என்று எடுத்துக்கொள்கிறேன். முகவர் புதிய சமையலறையையும் மாடி அறையையும் காட்டியிருப்பார். அந்தச் சமையலறைக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், உடனே பேச்சு ரயில் நேரத்துக்குத் தாவிவிடும்.

என் தங்கை வீடு வாங்கியபோது இதே கேள்விக்குத்தான் குடும்பத்தில் சண்டை வந்தது. 1900களின் தொடக்கத்தில் கட்டிய வரிசை வீடு. மதிப்பீட்டாளரின் அறிக்கை பக்கம் பக்கமாக இருந்தது. நிலத்தடிக் குழாய்கள் பார்க்கப்படவில்லை என்பது அதில் ஒரே ஒரு வரி. சட்டத்தரணி எடுத்துத் தந்த தண்ணீர், கழிவுநீர் அறிக்கை வீடு பொதுக் குழாயோடு இணைந்திருப்பதாகச் சொன்னது. குழாய் முழுதாக இருக்கிறதா, உடைந்து கிடக்கிறதா என்று சொல்வது அந்தக் காகிதத்தின் வேலை அல்ல. கமரா விட்டுப் பார்ப்போம் என்றேன். தங்கையின் கணவர் சிரித்தார். “மச்சான், நூறு வருசமாக ஓடுகிற தண்ணீர் நாங்கள் வாங்கியவுடனே நின்றுவிடுமா?”

நூறு வருடமாக ஓடுவதுதான் பிரச்சினையே. அந்தக் காலத்துச் சுட்ட களிமண் குழாய்கள் இரண்டு, மூன்று அடித் துண்டுகளாகச் சிமெந்துக் கலவையால் ஒட்டப்பட்டவை. நிலம் சற்றே அசைந்தாலும் மூட்டு விலகும். விலகிய இடத்தில் ஈரம் கசியும், ஈரத்தைத் தேடி மரவேர் உள்ளே வரும், வேரில் கொழுப்பும் காகிதமும் சிக்கும். முன்தோட்டத்தில் இன்னொரு தலைவலி இருக்கலாம். தெருச் சாக்கடையின் வாயு வீட்டுக்குள் ஏறாமல் இருக்க விக்டோரியா காலத்தவர்கள் வைத்த, தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு அது. அடைப்புக்கு அதைவிடப் பிடித்த இடம் கிடையாது. உங்கள் வீதியில் பழைய வீடுகளுக்கு நடுவே 1950களின் வீடுகள் இரண்டு மூன்று மட்டும் நின்றால், அது பெரும்பாலும் போரில் குண்டு விழுந்த இடம். அவற்றின் கீழே தார் ஊறிய நாரால் செய்த குழாய் இருக்கக்கூடும். அந்தக் குழாய் காலப்போக்கில் கொப்புளங்கள் எழும்பி, மேலிருந்து அமுங்கி, முட்டை வடிவமாகிவிடும்.

பரிசோதனைக்கு வந்த பையன் முதலில் கேட்டது, “மேன்ஹோல் எங்கே?” விற்பவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாதது போல் நின்றார். பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்டியபோது தரை ஓட்டுக்கு அடியில் போட்டு மூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி தன் முற்றத்து மூடியைத் திறக்க விட்டதால்தான் வேலை நடந்தது. சமையலறையை நீட்டிய இடத்தில் முன்பு வெளிக் கழிப்பறை இருந்ததாக அவர்தான் சொன்னார். கமரா உள்ளே போனது. சமையலறைக்கு நேர் கீழே மூட்டு விலகி, வேர் தாடி போலத் தொங்கியது. இன்னும் கொஞ்சம் தள்ளி, அந்தப் பழைய கழிப்பறையின் கிளைக் குழாய் மூடப்படாமல் வாயைத் திறந்துகொண்டிருந்தது. எலி வரும் வழி அதுதான்.

அறிக்கை வந்தது. ஒன்று முதல் ஐந்து வரையான தரத்தில் நான்கு. ஐந்துதான் மிக மோசம். கூடவே முழு நீளத்துக்கும் பழைய குழாய்க்குள்ளேயே புதிய உள்ளுறை போட்டுத் தர ஒரு விலைப்பட்டியல், பல ஆயிரம் பவுண். மச்சான் இப்போது பயந்துபோய்க் கட்டத் தயாராகிவிட்டார். நான் விடவில்லை. கமராத் தலையில் ஒரு சமிக்ஞைக் கருவி இருக்கும். அதை வைத்து மேலிருந்து இடத்தையும் ஆழத்தையும் குறித்துத் தரச் சொன்னேன். குறித்தார்கள். உடைந்த பகுதி மூன்று வீடுகளின் கழிவு சேர்ந்து போகும் குழாயில் இருந்தது. 1937 அக்டோபருக்கு முன் போட்ட இத்தகைய பகிர்வுக் குழாய்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பொதுக் குழாய்கள். பிற்காலத்தவையும் 2011 அக்டோபர் 1 முதல் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்புக்குப் போய்விட்டன. ஆகவே பல ஆயிரம் பவுண் வேலை எங்களுடையதே அல்ல. அந்தத் திறந்த கிளைக் குழாய் மட்டும்தான் வீட்டுக்காரருடையது.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. பொதுக் குழாயிலிருந்து மூன்று மீட்டருக்குள் கட்டுவதென்றால் தண்ணீர் நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அந்தச் சமையலறைக்கு அப்படி எந்தத் தாளும் இல்லை. சட்டத்தரணி ஒரு கடிதம் எழுதினார், விற்பவர் விலையைக் குறைத்தார். பரிசோதனைக்குக் கொடுத்த சில நூறு பவுணைப் போல் பல மடங்கு.

இதைச் சொன்னால் “எல்லோருக்கும் அதற்குக் காசு இருக்குமா” என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். இருக்கிறது, ஐயா. எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. சாமத்திய வீட்டுக்கு மண்டபத்தின் மேலே ட்ரோன் கமரா பறக்கவிடக் காசு இருக்கிறது. பிள்ளையைப் பல்லக்கில் தூக்கிவரக் காசு இருக்கிறது. நான் சடங்குக்கு எதிரி அல்ல. என் பிள்ளைகளுக்கும் செய்தேன், வீட்டு முற்றத்தில். சரி, அது வேறு கதை.

நான் பிளம்பர் இல்லை, பழைய வீடு பார்க்கும் பைத்தியம் மட்டுமே. பரிசோதனைக் கம்பனிகள் எல்லாம் ஏமாற்றுகின்றன என்றும் சொல்லவில்லை. அந்தப் பையன் நேர்மையாகத்தான் காட்டினான். ஆனால் பார்ப்பவரும் பழுது திருத்தி விற்பவரும் ஒரே ஆளாக இருக்கும்போது விலைப்பட்டியலை ஒருமுறை சந்தேகித்துப் பார்ப்பதில் பாவமில்லை. பழுது திருத்தாமல் பரிசோதனை மட்டும் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள்.

புதிதாக மாற்றிக் கட்டிய வீடுதானே என்றும் நம்பாதீர்கள். இப்போது இந்தப் பக்கம் நடப்பது அதுதான்: இரண்டு அறை வீட்டை ஐந்து அறையாக்கி, ஒவ்வொன்றுக்கும் குளியலறை வைத்து, எல்லாவற்றையும் அதே நான்கு அங்குலக் களிமண் குழாயில் இறக்குகிறார்கள். மழைநீரும் பெரும்பாலும் அதிலேயே சேர்கிறது. பொறியாளர் பேசல்ஜெட் 1860களில் கட்டிய பெருஞ்சாக்கடையின் மேல்தான் நாங்கள் மாலையில் நடக்கும் க்ரீன்வே பாதை போகிறது. அந்தச் சாக்கடை இன்றும் பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவைக் கொண்டுபோகிறது. பெருங்குழாய்க்குத் துணையாக தேம்ஸ் நதியை ஒட்டி 25 கிலோமீட்டர் டைட்வே கழிவுநீர்ச் சுரங்கம் தோண்டிவிட்டார்கள். உங்கள் முற்றத்துக் குழாயைத் தோண்டிப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

கம்பனியைக் கூப்பிடும்போது, முதலில் நீரழுத்தத்தால் கழுவிவிட்டு அதன் பிறகு கமரா விடச் சொல்லுங்கள். அழுக்கின் மேல் ஓடிய கமராவில் வெடிப்பு தெரியாது. வீட்டு எல்லையோடு நிறுத்தாமல் தெருக் குழாயில் சேரும் இடம் வரை போகச் சொல்லுங்கள். அறிக்கையோடு முழு வீடியோவையும் கேட்டு வாங்குங்கள். வீட்டை நீட்டிக் கட்டியிருந்தால், விற்பவரிடம் தண்ணீர் நிறுவனத்தின் சம்மதத் தாளை இன்றே கேளுங்கள், பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம்.