பந்து போன பிறகு வரும் வினைச்சொல்: கால்பந்து கமெண்ட்ரி, கேள்வி பதில்

உலகக் கால்பந்து கமெண்டேட்டர்கள், அவரவர் பாணி, மைக், தயாரிப்பு எதைப் பற்றியும் கேட்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள். முப்பது விநாடித் துண்டு வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருவரை மகான் என்றோ மட்டம் என்றோ முடிவுகட்டிக்கொண்டு வந்து என்னிடம் கையெழுத்து வாங்கப் பார்க்காதீர்கள். கமெண்ட்ரி தொண்ணூறு நிமிட வேலை.

சோத்தாங்கால்: மார்ட்டின் டைலரா, பீட்டர் டிரூரியா? யார் பெரிய ஆள்?

வந்ததும் வராததுமாக இதுவா! இரண்டு பேரும் ஆங்கில டிவி கமெண்டேட்டர்கள். டைலரின் பலம் வாயை மூடத் தெரிந்தது. 2012 மே 13, மான்செஸ்டர் சிட்டி - கியூபிஆர் (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்), கடிகாரத்தில் 93:20, சிட்டிக்கு லீக் பட்டம் தந்த அகுவேரோவின் கோல். "அகுவேரோஓஓ" என்று ஒரு பெயரை மட்டும் இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அரங்கம் கத்தியது, கேமரா ஓடியது. "இதைப்போல இனி ஒருக்காலும் பார்க்க மாட்டீர்கள்" என்ற வரி அதற்கப்புறம்தான் வந்தது. டிரூரி அதே இடத்தில் மேடைப் பேச்சாளர் மாதிரி அடுக்கிக்கொண்டு போவார். இரண்டும் வேறு வேறு தொழில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டிரான்சிஸ்டர்: அண்ணே, ரேடியோ கமெண்ட்ரிக்கும் டிவி கமெண்ட்ரிக்கும் உண்மையான வித்தியாசம் என்ன?

நல்ல கேள்வி. டிவியில், கண்ணுக்குத் தெரிவதைத் திருப்பிச் சொன்னால் குற்றம். ரேடியோவில், சொல்லாமல் விட்டால் குற்றம். பந்து யாரிடம், மைதானத்தின் எந்த மூலையில், எந்தப் பக்கம் போகிறது, ஸ்கோர், நிமிடம்: இந்த ஐந்தும் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். பாதியில் காரில் ஏறி ரேடியோவைத் திருப்புகிறவன் ஒரு நிமிடத்துக்கு மேல் ஸ்கோருக்காகக் காத்திருக்கக் கூடாது.

இந்தச் சிக்கல் முதல் நாளே தெரிந்துவிட்டது. பிபிசி முதன்முதலாகக் கால்பந்தை நேரலையில் வர்ணித்தது 1927 ஜனவரி 22, லண்டன் ஹைபரியில், ஆர்சனல் - ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டம். ரேடியோ டைம்ஸ் இதழில் மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து எண் போட்டுப் படம் அச்சிட்டிருந்தார்கள். டெடி வேக்லம் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இன்னொருவர் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்தவர்கள் படத்தில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தார்கள். ('மீண்டும் முதல் கட்டத்துக்கே' என்ற ஆங்கில வழக்கு இதிலிருந்து வந்தது என்பார்கள். ஆதாரம் கிடையாது, பரப்பாதீர்கள்.)

ரேடியோவின் உச்சம் எதுவென்றால் 1954 ஜூலை 4, பெர்ன். மேற்கு ஜெர்மனி - ஹங்கேரி உலகக்கோப்பை இறுதியாட்டம், 2-2. ஜெர்மன் ரேடியோவின் ஹெர்பர்ட் ஸிம்மர்மன் முதலில் 'இன்னும் ஆறு நிமிடம்' என்கிறார், இடத்தைச் சொல்கிறார், விடாமல் கொட்டும் மழையைச் சொல்கிறார். அதன் பிறகு, ஜெர்மன் ஆட்டக்காரர் ரானிடம் பந்து வந்ததும்: "பின்னாலிருந்து ரான் அடிக்கணும்... ரான் அடிக்கிறார்... கோல்! கோல்! கோல்!" நேரம், இடம், வானிலை மூன்றையும் கேட்பவன் மனதில் உட்கார வைத்துவிட்டுத்தான் கத்தினார். வெறும் கத்தலை மட்டும் வெட்டிப் போடும் வீடியோக்களில் இது இருக்காது. துண்டைக் கேட்காதே என்று தலைபாடாக அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

மைக்மோகன்: பழைய படங்களில் கமெண்டேட்டர் மூக்குக்குக் கீழே ஏதோ பெட்டியை அழுத்திப் பிடித்திருப்பாரே, அது என்ன?

லிப் மைக். கோல்ஸ் 4104 என்பது அதில் பேர்போன மாடல், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உள்ளே மெல்லிய உலோக ரிப்பன், இரு பக்கமும் திறப்பு. தூரத்துக் கூட்டத்தின் இரைச்சல் ரிப்பனின் முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்து மோதுவதால் ஒன்றையொன்று அடித்துவிடும். வாய் ஒட்டியிருப்பதால் குரல் மட்டும் ஒரு பக்கம் பலமாக விழும். அவ்வளவு அருகில் பேசினால் அடித்தொனி ஊதிப்போகும், அதை மைக்குக்குள்ளேயே குறைத்துவிடுவார்கள். மேலே இருக்கும் கம்பியை மேலுதட்டில் பதித்தால் தூரம் மாறாது.

தவறு நடக்கும் இடம் ஒன்றே. கோல் விழும், ஆள் துள்ளி எழுவார், மைக் இரண்டு விரற்கடை விலகும், நாலு பேர் கேட்க வேண்டிய அந்த வரி கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் மெலிந்துவிடும். ஹெட்செட்டில் இந்தத் தொல்லை இல்லை, கை இரண்டும் காலி. ஆனால் கூட்டத்தின் சத்தம் கூடுதலாகப் புகும்.

கோல்மழை: உலகத்திலேயே சிறந்த கமெண்டேட்டர் யார்?

எந்த மொழியில், எந்த ஊடகத்தில் என்று சொன்னால் பேசலாம்.

சாம்பா: அந்த நீண்ட "கோஓஓஓல்" எங்கிருந்து வந்தது?

பிரேசில் ரேடியோ. 1946இல் ரெபெல்லோ ஜூனியர் தொடங்கியதாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் புவெனஸ் ஐரஸில் பிறந்த கமெண்டேட்டர் ஆண்ட்ரெஸ் கான்டோர், 1994 உலகக்கோப்பையின்போது. அது வெறும் ஆர்ப்பாட்டமில்லை, உபயோகமும் உண்டு. இழுக்கிற நேரத்தில் யார் அடித்தது, ஆஃப்சைடு கொடி உயர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம். முயல்கிறவர்களுக்கு: பந்து வலையைத் தொட்ட பிறகு மூச்சு இழுத்தால் தாமதமாகிவிடும், அடிக்கக் கால் ஓங்கும்போதே வயிறு நிறைய இழுத்து வைக்க வேண்டும். தொண்டையில் கத்தினால் இரண்டாம் பாதிக்குக் குரல் இருக்காது.

அதே பிரேசிலில் அரி பரோசோ கத்தவே மாட்டார், கோல் விழுந்தால் சின்ன மௌத் ஆர்கனை எடுத்து ஊதுவார். பெரிய இசையமைப்பாளர், ஃப்ளமெங்கோ அணியின் வெறியர்.

எழுத்தாணி: ரோமா - பார்சிலோனா ஆட்டத்தில் டிரூரி சொன்னது வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தது. அப்பட்டமாகத் தெரிகிறது.

2018 ஏப்ரல் 10. இரண்டு ஆட்டக் கோல்களையும் கூட்டிப் பார்க்கும் சுற்று. ரோமாவுக்கு முதல் ஆட்டம் 4-1 தோல்வி, இங்கே 3-0 வெற்றி. ரோமாவின் மனோலாஸ் 82ஆம் நிமிடம் தலையால் முட்டியதும் "இடிபாடுகளிலிருந்து எழுந்தது ரோமா", "ரோமில் ஒரு கிரேக்கக் கடவுள்". மனோலாஸ் கிரேக்கர் என்பது எந்தக் குறிப்புத்தாளிலும் இருக்கும். தகவல் தயாராக இருந்தது, வாக்கியம் அங்கே பிறந்தது. நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

எழுத்தாணி: இதெல்லாம் சப்பைக்கட்டு. உண்மையான உணர்ச்சி என்றால் வோல்ஸ்டன்ஹோம் மாதிரி வரணும்.

அதுவும் சரிதான். பிபிசியின் வோல்ஸ்டன்ஹோம், 1966 உலகக்கோப்பை இறுதியாட்டம், ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். "முடிந்துவிட்டதென்று நினைக்கிறார்கள்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் கோல் அடித்தார், "இப்போது முடிந்தது". இதை எழுதி வைத்திருக்க முடியாது, கண் முன்னால் நடந்ததிலிருந்து வந்தது.

பட்டம்விடுபவன்: அப்போ விக்டர் ஹ்யூகோ மொராலெஸ்? "விண்வெளிக் காத்தாடியே, எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய்" என்றாரே, அது தயாரித்ததா?

இதைத்தான் எதிர்பார்த்தேன். 1986 ஜூன் 22, உலகக்கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனாவின் இரண்டாவது கோல், மைக்கில் மொராலெஸ். 'காத்தாடி' என்ற சொல்லை மரடோனா மேல் முன்பே வீசியவர் அர்ஜென்டினாவின் பழைய பயிற்சியாளர் மெனோட்டி, பிடிகொடுக்காத ஆள் என்ற குத்தலில். அந்தச் சொல் மொராலெஸ் மனதில் கிடந்தது, கோல் விழுந்ததும் பாராட்டாகத் திரும்பி வந்தது. அதற்கு முன்னால் நடப்பதைக் கவனியுங்கள். மரடோனாவிடம் பந்து, இரண்டு பேர் சுற்றி நிற்கிறார்கள், வலப்பக்கம் கிளம்புகிறார் என்று ஒழுங்காக வர்ணித்துக்கொண்டு வந்தவர், பெனால்டி பகுதியை நெருங்கும்போது சொல் தீர்ந்துபோய் "மேதை, மேதை, மேதை, டா-டா-டா-டா" என்று தாளம் போடுகிறார். தயாரித்தவன் டா-டா-டா என்றா எழுதி வைப்பான்?

எழுத்தாணி: டிரூரி ஒருநாளும் டா-டா-டா சொல்ல மாட்டார். என் வாதமே அதுதான்!

சரி, அரைப் புள்ளி உங்களுக்கு.

கோல்மழை: அப்படியென்றால் சிறந்தவர் மொராலெஸ்தானே?

மேலே சொன்னதேதான்.

நடுவர்விசில்: பாரபட்சமாகப் பேசலாமா? சீனாவில் ஒருவர் வேலை இழந்தாராமே?

ஹுவாங் ஜியான்ஷியாங். 2006 ஜூன் 26, இத்தாலி - ஆஸ்திரேலியா, கடைசி நிமிடப் பெனால்டிக்கு "இத்தாலி வாழ்க" என்று முழங்கினார். மறுநாளே மன்னிப்பு, அந்த ஆண்டே சீன அரசுத் தொலைக்காட்சியான சிசிடிவியிலிருந்து விலகல். அவருடைய நாடு அந்த ஆட்டத்தில் இல்லவே இல்லை, சிக்கல் அங்கேதான். 1981இல் இங்கிலாந்தை நார்வே 2-1 என்று வென்றபோது நார்வே கமெண்டேட்டர் பியோர்கே லில்லேலியன், இங்கிலாந்தின் பெரிய தலைகளை நெல்சன், சர்ச்சில், தாட்சர் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு வம்பிழுத்தார். சொந்த நாட்டு ரேடியோ, சொந்த நாட்டு வெற்றி. கொண்டாடினார்கள்.

மெரினா: தமிழில் கால்பந்து கமெண்ட்ரி ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது?

வினைச்சொல் கடைசியில் வருவதால். "மக் அலிஸ்டர் இடப்பக்கம் ஓடிவரும் டி மரியாவுக்குப் பந்தைத் தட்டிவிடுகிறார்" என்று 'கிறார்' வரைக்கும் போய் முடிப்பதற்குள் பந்து வலைக்குள் இருக்கும். கிரிக்கெட்டில் இரு பந்துகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, முழு வாக்கியம் உட்காரும். இங்கே கிடையாது. வழி, வினையையும் மரியாதை விகுதியையும் வெட்டுவது. 2022 உலகக்கோப்பை இறுதியாட்டம், அர்ஜென்டினாவின் இரண்டாவது கோல், 36ஆம் நிமிடம்: "மெஸ்ஸி... ஆல்வாரெஸ்... மக் அலிஸ்டர், இடப்பக்கம் ஆள்... டி மரியா! ரெண்டு!" தலை, கம்பம், வெளியே, கைக்குள்: ஒற்றைச் சொற்கள் போதும். முழு வாக்கியத்தைப் பந்து வெளியே போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஸிம்மர்மனைப் பாருங்கள், ஜெர்மனிலும் அந்த முதல் வரியில் வினை கடைசியில்தான். அடுத்த வரியை இரண்டே சொல்லில் முடித்தார்.

நாலாம்நடுவர்: சம்பளம் எவ்வளவு வரும்?

என் துறை இல்லை.

புதுக்குரல்: பழக எங்கே ஆரம்பிப்பது?

ஒரு முழு ஆட்டத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டு, போனில் பதிவு செய்யுங்கள். முன்னதாக ஒரு பெரிய தாளில் இரண்டு அணியையும் நிற்கும் வடிவத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் எண், உச்சரிப்பு, எந்தக் கால், ஷூ நிறம், முடி, இரண்டு தகவல். மாற்று ஆட்டக்காரர்கள் கீழே, நடுவர் ஓரத்தில். கையால் எழுதுங்கள், எழுதினால்தான் மனதில் நிற்கும். தாளில் இருப்பதில் பெரும்பகுதி வெளியே வராது, வரவும் கூடாது. முதல் பயிற்சியில் பெயர்களை மட்டும் சொல்லுங்கள், வேறொன்றும் வேண்டாம். திரும்பக் கேட்கும்போது தவறான பெயர்களை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் வரை உவமை, கவிதை எதுவும் கிடையாது.

கோல்மழை: புதுசாகப் பழகுகிறவர்கள் யாரைப் பின்பற்றணும்? சிறந்தவர்...

பெயர்களை எண்ணுங்கள் தம்பி.